இத்தாலிய நடிகர் மார்செல்லோ மாஸ்த்ரோயான்னி நடித்த படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

பெரும்பாலோர் இயக்குநர் ஃபெல்லினியின் 'லா டோல்ச்சே வீட்டா' (1960), '8½' (1963) இரண்டையும்தான் சொல்வார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் முதலாவது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பழக்கமில்லாதவர் பாதியில் எழுந்துவிடக்கூடும்.

நான் கைகாட்டுவது பியெத்ரோ ஜெர்மியின் 'டிவோர்ஸ் இட்டாலியன் ஸ்டைல்' (1961). அப்போது இத்தாலியில் விவாகரத்துக்குச் சட்டமே கிடையாது. 1970-இல்தான் வந்தது. ஆனால், கள்ள உறவில் இருக்கும் மனைவியைக் 'குடும்ப மானத்துக்காக' கொன்றால் அன்றைய சட்டப்படி தண்டனை குறைவு. மனைவியிடமிருந்து விடுபட நினைக்கும் சிசிலி பிரபு ஒருவன், அவளுக்குத் தானே ஒரு காதலனைத் தேடுகிறான்! படிய வாரிய தலை, மீசை, அடிக்கடி வெட்டியிழுக்கும் வாயோரம் என்று, அழகன் எனப் பெயரெடுத்த நடிகர் தன்னையே கேலி செய்துகொள்கிறார். இதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

அப்புறம் எத்தோரே ஸ்கோலாவின் 'எ ஸ்பெஷல் டே' (1977). 1938-இல் ஹிட்லர் ரோமுக்கு வந்த நாள். குடியிருப்பே அணிவகுப்பு பார்க்கப் போய்விட, மிஞ்சுவது இருவர்: வீட்டு வேலையில் மூழ்கிய சோபியா லாரன், ஓரினச்சேர்க்கையாளர் என்பதால் வேலை பறிபோன வானொலி அறிவிப்பாளராக மாஸ்த்ரோயான்னி. வெளியே வானொலி முழங்கிக்கொண்டே இருக்க, மொட்டைமாடியில் காயும் துணிகளுக்கு நடுவே இருவரும் நிற்கும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

வயதான மாஸ்த்ரோயான்னியைப் பார்க்க 'டார்க் ஐஸ்' (1987). ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகளை வைத்து எடுத்தது. கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்தது.