நிற்பதற்கும் தெம்பு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் ஸ்பிரிண்ட் சைக்கிள் இறுதிப்போட்டியை இப்போதுதான் இணையத்தில் பார்த்தேன். மூன்று சுற்று, மொத்தம் 750 மீட்டர். அதில் பாதிக்கு மேல் இருவரும் ஊர்வலம் போகிறார்கள். முன்னால் போகிறவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் விட்டால் யார் பலசாலி என்று தெரிந்துவிடாதா? தந்திரம் என்பதே ஸ்டாமினா இல்லாதவர்களின் சாக்குதானே? நான் தினமும் 40 கிலோமீட்டர் சைக்கிள் விடுகிறவன். என் மகளுக்கு 14 வயது. பயிற்சியாளர் அவளை ஸ்பிரிண்டுக்குப் போகச் சொல்கிறார். ஸ்டாமினா இல்லாதவள் என்று ஒதுக்குகிறாரோ என வருத்தமாக இருக்கிறது. அனுப்பலாமா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாட்களாகவே இந்தப் போட்டிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதம் கோபமும் மூட்டியது.

தினம் 40 கிலோமீட்டர் விடுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் பார்த்த இருவரும் தகுதிச் சுற்றில் 200 மீட்டரை எப்படிக் கடந்தார்கள் தெரியுமா? ரிச்சர்ட்சன் 9.091 நொடி, லாவ்ரெய்சென் 9.088 நொடி. மணிக்கு 79 கிலோமீட்டர். அந்த வித்தியாசத்தைத் தூரமாக மாற்றினால் ஏழு சென்டிமீட்டர்கூடத் தேறாது. யார் பலசாலி என்று கேட்டீர்களே, இருவரும்தான். பிறகு எதை வைத்துத் தீர்ப்பது? அந்த வேகத்தில் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவர் காற்றோடு மல்லுக்கட்ட, பின்னால் ஒட்டி வருகிறவர் அந்த நிழலில் தெம்பை மிச்சம் பிடிக்கிறார். முழுப் பலத்தோடு மிதிப்பது பத்துப் பன்னிரண்டு நொடிக்கு மேல் யாராலும் ஆகாது. எடுத்த எடுப்பிலேயே கிளம்புகிறவர் எதிராளிக்கு உழைத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

கெய்ரின் என்று ஒரு பந்தயம் உண்டு. பலர் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் போய், அது விலகியதும் முடிவுக்குப் பாய்வார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கெய்ரினில் பிரிட்டனின் ஜேசன் கென்னி மூன்று சுற்று பாக்கி இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு போய்த் தங்கம் வாங்கினார். மலேசியாவின் அஸிசுல்ஹஸ்னி அவாங்குக்கு வெள்ளி. நீங்கள் கேட்ட மாதிரியான பந்தயம்தான் அது. ஆனால் பின்னால் வந்தவர் இடைவெளி விட்டிருக்கிறார் என்பது கென்னிக்கு எப்படித் தெரிந்தது? உங்களுக்கு எரிச்சல் மூட்டிய அதே கழுத்துத் திருப்பலால்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. அவர்கள் ஊர்வலம் போவதையாவது பார்த்தீர்கள். நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். 42 பாகை அளவுக்குச் சாயும் மரத்தளத்தில் முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் ஒடித்து, பெடலை ஒரு மயிரிழை அழுத்தி, அசையாமல் நிற்பார்கள். எதிராளியை முன்னால் போகவைத்து அவர் முதுகைப் பிடிப்பதற்காக. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்சின் திரெந்தினும் 21 நிமிடம் 57 நொடி அப்படி நின்றார்கள். அந்த முறை தங்கம் பெட்டெனெல்லாவுக்கு. 1968இல் வரேஸேயில் நடந்த இத்தாலிய சாம்பியன்ஷிப்பில் அதே பெட்டெனெல்லாவும் பியான்கெட்டோவும் நின்ற நேரம் 1 மணி 3 நிமிடம் 5 நொடி! இதில் ஸ்டாமினா இல்லை என்கிறீர்களா?

எங்கள் ஊரில் பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் உண்டு. சுண்ணாம்புக் கோட்டுக்குள் கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். தெருவில் பறக்கிற இளவட்டங்களெல்லாம் பாதியிலேயே கால் ஊன்றிவிடுவார்கள். ஜெயிப்பது எப்போதும் பால்கார அண்ணன்தான். கேன்களைக் கட்டிக்கொண்டு சந்துபொந்தெல்லாம் ஊர்ந்து பழகியவர். ஹேண்டில்பாரில் முழங்கை வெடவெடவென்று நடுங்கும், நெற்றியிலிருந்து வேர்வை சொட்டும், சைக்கிள் மட்டும் நிற்கும். பரிசு வாங்க அவரால் உடனே நடந்து வர முடியாது. வரப்பில் உட்கார்ந்து தொடையைப் பிசைந்துகொண்டிருப்பார். ஓடாமல் நிற்பதற்கு உடம்பு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

இன்றைய விதிப்படி ஒரு பந்தயத்தில் இரண்டு தடவைதான் நிற்கலாம், தடவைக்கு 30 நொடி. அதைத் தாண்டினால் முன்னால் இருப்பவர் கிளம்பியாகவேண்டும். இந்த விதியை என்னால் ஏற்கவே முடியவில்லை. பார்க்கிறவருக்குப் பொறுமையில்லை என்பதற்காக விளையாடுகிறவரின் பொறுமையைக் கத்தரித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வேண்டாம், மைதானத்தில் மற்ற போட்டிகளும் நடக்கவேண்டும். ஐந்து நிமிடமாவது கொடுத்தால் என்ன? எந்த நரம்பு முதலில் தளர்கிறது என்று தெரிய 30 நொடி போதவே போதாது. வீடியோவைக் கடைசிச் சுற்றுக்கு ஓட்டிப் பார்க்கிற உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதெல்லாம் நடக்கிறது, க. அந்தப் போட்டியை மறுபடி முதலிலிருந்து, ஓட்டாமல், பாருங்கள்.

கியர், சாப்பாடு பற்றியெல்லாம் பயிற்சியாளர் சொல்வார். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒலிம்பிக் ஸ்பிரிண்ட் மூன்று நாள் நடக்கிறது. காலிறுதியிலிருந்து ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டை வெல்லவேண்டிய போட்டி. தொடையெல்லாம் எரிய இறங்கி, ரோலரில், அதாவது நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கிற உருளைகளில், மெல்ல மிதித்து ஆறி, கொஞ்ச நேரத்திலேயே மறுபடி அதே வேகத்தில் போகவேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று ஆகி மூன்றாவது பந்தயத்துக்கு வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். ஸ்டாமினா குறைந்தவர்களுக்கான பிரிவு என்று இன்னொரு முறை, அதுவும் அந்தக் குழந்தையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

அனுப்புங்கள். 14 வயதில் ஸ்பிரிண்ட் மட்டும் என்று கட்டிப்போடவேண்டாம், நீண்ட பந்தயங்களையும் ஓட்டட்டும். பயிற்சியாளர் சொன்னதும் உங்கள் வருத்தமும் கடிதத்தில் இருக்கின்றன. அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே? அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.