நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியல. தன் வாழ்க்கைக் கதைய சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதுறேன். சொன்னதையே திரும்பச் சொல்றார், நடுவுல நிறுத்தச் சொன்னா கோபம் வேற. நானே திருத்தி எழுதிடலாமா?

பதில்: எழுதும்போது திருத்தாதீங்கம்மா. இப்போதைக்கு உங்க வேலை காதும் கையும் மட்டும்தான். ரெண்டு தடவ சொன்னா ரெண்டு தடவயும் எழுதுங்க, ரெண்டாவது தடவ புதுசா ஒரு பேரோ ஒரு சண்டையோ வெளிய வரும், அதுக்காகத்தான் அவர் திரும்ப அங்க போறாரோ என்னவோ. புரியாத இடத்துல ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு ஓடுங்க, அவர் மூச்சு வாங்கும்போது கேட்டுக்கலாம். வியாசர் சொல்ல பிள்ளையார் எழுதின கதை தெரியும்ல, நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு பிள்ளையார் கண்டிஷன் போட, புரியாம எழுதக்கூடாதுன்னு வியாசர் பதிலுக்கு ஒண்ணு போட்டார். மூச்சு வாங்க டைம் வேணும்னா கஷ்டமான ஒரு ஸ்லோகத்த எடுத்து விடுவாராம், பிள்ளையார் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது ரெடி!

முடிச்சதும் அன்னைக்கு எழுதினத அன்னைக்கே சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. முக்காவாசிப் பேர் விட்டுடறது இதத்தான். தன் வார்த்தைய அடுத்தவங்க வாயில கேட்டாதான் "ஐயோ நான் அப்படியா சொன்னேன்"னு தோணும், அவரே திருத்துவார். அழகா மாத்தணும்னா வேற நோட்டுல மாத்துங்க, முதல் நோட்டுல கை வைக்காதீங்க.

அவர் எந்த நேரத்துல நல்லா பேசறார்னும் பாருங்க. இங்கிலீஷ் கவிஞர் மில்டனுக்கு 1652க்குள்ள முழுசா பார்வை போயிடுச்சு, 1667ல வந்த அவரோட பெரிய காவியமே மத்தவங்க கையால எழுதினதுதான். ராத்திரி மனசுல கட்டின வரிகள காலைல சொல்வார், எழுத ஆள் வர லேட்டானா "என்னைக் கறக்கணும்"னு மடி கட்டின மாடு மாதிரி புலம்புவாராம்.

கேள்வி: டிக்டேஷன் எழுதும்போது ல, ள, ழ எல்லாம் ஒண்ணாவே கேக்குது. என்ன செய்ய?

பதில்: உங்க காதுல தப்பில்ல, சொல்றவர் நாக்குலதான். ல, ள, ழவையாவது அழுத்திச் சொல்லச் சொல்லி பிரிச்சுடலாம், ஆனா பணிக்கும் பனிக்கும், அறைக்கும் அரைக்கும் இன்னைக்குப் பேச்சுல வித்தியாசம் கிட்டத்தட்ட இல்ல. வாக்கியம் முடியற வரைக்கும் காத்திருந்து அர்த்தத்த வச்சு முடிவு பண்ணுங்க, இல்லனா கூச்சப்படாம "மூணு சுழியா ரெண்டு சுழியா?"ன்னு கேட்டுடுங்க. பேர், ஊர், நம்பர் மூணையும் கேக்காம எழுதவே எழுதாதீங்க.

கேள்வி: சொல்லி எழுத வச்சா எழுத்து நல்லா வருமா?

பதில்: ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கிக்கு வந்துச்சே. பப்ளிஷர் வச்ச கெடு நெருங்கிடுச்சுன்னு 1866 அக்டோபர்ல அன்னா அப்படிங்கற சுருக்கெழுத்துப் பொண்ண வேலைக்கு வச்சு 26 நாள்ல ஒரு நாவலையே சொல்லி முடிச்சார். அந்தப் பொண்ணு கிறுக்கினத ராத்திரி வீட்ல முழு எழுத்துல எழுதிட்டு வரும், அவர் திருத்துவார். அடுத்த வருஷமே ரெண்டு பேருக்கும் கல்யாணம். அப்புறம் வந்த பெரிய நாவல்களுக்கும் டிக்டேஷன் எடுத்தது அந்த அம்மாதான்.