ஹோஸ் வெடித்தது அவர் தவறு, இன்ஜின் போனது யார் தவறு?

கேள்வி: 15 வருடப் பழைய காருக்கு ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் புதிதாக மாற்றினேன். மூன்றே வாரத்தில் ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ் வெடித்து இன்ஜின் போய்விட்டது. கேட்டால் ஒர்க்‌ஷாப்காரர் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார். இன்ஜின் செலவு முழுவதையும் வாங்க முடியுமா?

பதில்: கேலி செய்தது, போனை எடுக்காதது எல்லாம் வழக்குக்கு உதவாது, விடுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரு வரிதான், அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது, வீடு பக்கம்தானே என்று ஓட்டிவந்தேன், பாதி வழியில் முள்ளும் இறங்கிவிட்டது."

முள் இறங்கியது நல்ல சகுனம் இல்லை. இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் வடிந்துபோனால், சூட்டை அளக்கும் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அதனால் இறங்கியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது என்று வாதாடலாம், ஆனால் சிவப்பு முதலில் வந்ததே! "அப்போதே ஏன் ஓரம் கட்டவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நஷ்டத்தைக் குறைக்க முடிந்தும் குறைக்காதவருக்கு அந்தப் பங்கு கழியும். ஆக, ஹோஸ் வெடித்ததற்கு அவரைப் பிடித்தாலும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் சூட்டில் வளைந்ததில் பெரும்பகுதி உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வேறு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள், இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். ஒருவர் வளைந்த ஹெட்டைச் சாக்கில் கட்டி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார், அது அவர் காரிலிருந்துதான் கழன்றது என்று சொல்லக்கூட ஆளில்லை. "முன்னாடி பார்த்தவர் வேலையே சரியில்லை" என்று புது மெக்கானிக் சொல்வதும் செல்லாது, அடுத்த பில் போடப்போகிறவரே அவர்தானே. முதலில் பழைய ஒர்க்‌ஷாப்புக்கு, தேதி குறித்து வந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள், சம்பந்தமில்லாத ஒரு நிபுணரையும் வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். கிழிந்த ஹோஸைப் பத்திரமாக வையுங்கள். கிளிப் போட்ட இடத்தில் கழன்றிருந்தால் மாட்டியதில் கோளாறு என்று சொல்லலாம், நடுவில் வீங்கிப் பிளந்திருந்தால் "பழைய ரப்பர், மாற்றச் சொன்னோம், வேண்டாம் என்றார்" என்பார்கள். அப்படிச் சொன்னார்களா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

சரி, என்னைக் கேட்டால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இந்த வயது வண்டிக்கு இன்ஜின் செலவு வண்டி விலையையே தாண்டலாம், அதற்கு மேல் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஹோஸ், கூலன்ட், கூலி, ஹெட் வேலையில் ஒரு பங்கு, இவ்வளவு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் மட்டும் பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.