மதிப்பெண் ஒன்று, மூளைப் படம் வேறு

3-பேக் சோதனையில் (இப்போது வந்த எழுத்தும் மூன்று இடம் முன்னால் வந்த எழுத்தும் ஒன்றா என்று பொத்தானை அழுத்திச் சொல்லும் நினைவுச் சோதனை) இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் ஒருவரின் முன்மூளையில் செயல்பாடு மிகுதி, மற்றவரிடம் சொற்பம், மூளையைப் படமெடுத்த கருவியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு தரவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

முதலில் இருவரையும் கூப்பிட்டு, எழுத்துகளை எப்படி நினைவில் வைத்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் மூன்று மூன்றாகக் கட்டி மனத்துக்குள் முணுமுணுத்திருப்பார். இன்னொருவர் ‘இதை இப்போதுதான் பார்த்த மாதிரி இருக்கிறதே’ என்று பொத்தானை அழுத்தியிருப்பார். மூளை ஆய்வாளர் டேனியல் போர் (Daniel Bor) குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், கட்டங்கள் வடிவ ஒழுங்கோடு வந்த வரிசைகளை நினைவில் வைப்பது எளிதாகவே இருந்தது. ஆனாலும் பக்கவாட்டு முன்மூளையின் செயல்பாடு கூடியது. சேர்த்துக் கட்டுவதும் ஒரு வேலைதானே! ஆகவே படத்தில் முன்மூளை அதிகம் ஒளிர்ந்தவர் அதிகம் சிரமப்பட்டார் என்று எழுதிவிடாதீர்கள். (நான் ஒருமுறை அப்படி எழுதி, வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.)

கவனத்தை அறிய சராசரி போதாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஆன பதில் நேரத்தை வரிசையாக வரைந்து பாருங்கள். கோடு தாறுமாறாக ஏறி இறங்கும் இடத்தில் பெரும்பாலும் ஆள் வேறெங்கோ போயிருப்பார். அடுத்த சுற்றில், இரண்டு இடம் முன்னால் வந்த எழுத்தையும் இடையிடையே பொறியாக வையுங்கள். பரிச்சயத்தை நம்பி அழுத்துகிறவர் அதில் மாட்டிக்கொள்வார்.