ஏழை நாடுகளில் பிரசவ மரணங்களைக் குறைக்க மருத்துவமனைக் கட்டட வடிவமைப்பு உதவுமா?

டாக்டரும் மருந்தும் இல்லாத இடத்தில் கட்டடத்துக்கு எதற்குச் செலவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு சுகாதாரத் திட்டத்தில் பட்ஜெட் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். நான் சிவில் இன்ஜினியர். பிரசவ வார்டு ஒன்றுக்குப் பிளான் போட்டு, அதில் சொதப்பியவன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

ஒப்பந்த வேலையாக ஓர் ஏழை நாட்டில் இரண்டு வருடம் இருந்தேன். சின்ன ஆஸ்பத்திரிக்குப் பிரசவப் பிரிவு கட்டும் வேலை. பிரசவ அறையை ஒரு கோடியிலும், பிள்ளை பெற்றவர்கள் படுக்கும் வார்டை மறுகோடியிலும் வைத்தேன், நடுவில் நீளமான நடைவழி. காகிதத்தில் லட்சணமாகத்தான் இருந்தது. சுவர் இடுப்பளவு எழும்பியபோது அங்கே மூத்த சிஸ்டர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரி டூட்டிக்கு நான் ஒருத்திதான். இங்கே ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கோடியில் ஒருத்திக்கு உதிரம் போனால் எனக்கு எப்படித் தெரியும்?"

"பிளானுக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது சிஸ்டர்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. உலக அளவில் பிரசவ மரணங்களுக்கு முதன்மையான காரணமே உதிரப்போக்குதான், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள். அவர் கேட்டது சுவரைப் பற்றி இல்லை, அந்த 24 மணி நேரத்தைப் பற்றி. இது எனக்கு உறைக்க நான்கு நாள் ஆனது. அப்புறம் சண்டை போட்டு வார்டைப் பிரசவ அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நடுச்சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தோம்.

கண்ணாடி வைத்ததால் இத்தனை உயிர் பிழைத்தது என்று சொல்ல வரவில்லை. "ஜன்னலா ரத்தம் ஏற்றும்?" என்று கேட்க யாராவது வருவார்கள். ஏற்றாது, சரி. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், அதற்கு பிரிட்ஜ் வேண்டும், கரண்ட் போனாலும் அது ஓட சோலார் வேண்டும், அந்த சோலாரைத் தாங்கும் கூரையை நான்தான் போடவேண்டும். மருந்துச் செலவு எங்கே முடிகிறது, கட்டடச் செலவு எங்கே தொடங்குகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரிய உதாரணங்களும் உண்டு. ருவாண்டாவில் 2011இல் திறந்த புட்டாரோ மருத்துவமனையில் காசநோய் மாதிரி காற்றில் பரவும் நோய்களுக்குப் பயந்து மூடிய நடைவழிகளையே தவிர்த்தார்கள். நோயாளிகள் நடமாடுவதும் காத்திருப்பதும் திறந்த வெளியில்தான். மலாவியில் கசுங்கு என்ற ஊரில், தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க, முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டியிருக்கிறார்கள். வலி எடுத்தபிறகு வண்டி தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டும் பணக்கார நாடுகள் இல்லை.

கட்டடம் மட்டும் போதும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி வெறும் கிடங்கு.

வயிற்றெரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற டாக்டர் காட்டியது 1847இல். நான் பிரசவ அறைக்கு இரண்டாவது கைகழுவும் தொட்டி கேட்டபோது நிதியில்லை என்றார்கள். வாசலில் ஆளுயரக் கிரானைட் கல்வெட்டுக்கு மட்டும் எங்கிருந்தோ நிதி வந்தது. திறப்பு விழாவுக்கு முந்தைய ராத்திரி அதை நட்டு நிறுத்த என் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள், பில்லில் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஏற்றினேன். அந்த வரியை அடித்துவிட்டு, மீதித் தொகையையும் ஏழு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள்.