ஜெர்மனியில் வங்கிக் கணக்கு: முகவரி முதலா, கணக்கு முதலா?

கேள்வி: என் மகள் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி செல்கிறாள். விசாவுக்காக 'ஷ்பெர்கோன்டோ' என்ற முடக்கக் கணக்கில் பணம் செலுத்திவிட்டோம். அங்கே போனதும் வேறொரு கணக்கும் தொடங்க வேண்டுமாம். முகவரிப் பதிவு இல்லாமல் கணக்குக் கிடைக்காது, கணக்கு இல்லாமல் வீடு கிடைக்காது என்று கேள்விப்பட்டுக் கலங்கிப் போயிருக்கிறோம். எதை முதலில் செய்வது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடக்கக் கணக்கில் உள்ள பணம் உங்கள் மகளுடையதே என்றாலும், அதிலிருந்து அவர் நேரடியாகச் செலவு செய்ய இயலாது. 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்குக் காட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே விடுவிக்கப்படும். அந்தப் பணம் வந்து சேரவும், வாடகையும் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும் மாதந்தோறும் கழியவும் 'ஜிரோகோன்டோ' தேவை. நம் ஊரில் சேமிப்புக் கணக்கு செய்யும் வேலையை அங்கே அதுவே செய்கிறது.

முகவரியை முதலில் உறுதி செய்யுங்கள். முதல் மாத வாடகையையும் முன்பணத்தையும் இந்தியாவிலிருந்தே அனுப்ப முடியும் என்பதால், நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இந்த முடிச்சு இறுக்கமானதன்று. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதற்கு வீட்டு உரிமையாளரோ மாணவர் விடுதி நிர்வாகமோ கையொப்பமிட்டுத் தரும் குடியமர்வுச் சான்று வேண்டும். பதிவுச் சான்று, கடவுச்சீட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று ஆகியவற்றோடு வங்கியை அணுகினால், பல வங்கிகள் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத கணக்கே தருகின்றன. வரி அடையாள எண் பதிவுக்குப் பின் தபாலில் வரும்; அதைப் பிறகு தெரிவித்தாலும் போதும். காணொளிச் சரிபார்ப்பில் சில வங்கிகள் இந்தியக் கடவுச்சீட்டை ஏற்பதில்லை. அந்நிலையில் அஞ்சலகத்துக்கு நேரில் சென்று அடையாளத்தை உறுதிப்படுத்தும் வழி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நம் வழக்கத்தால் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் வெற்றிடமாகவே இருப்பதுண்டு. ஜெர்மானியப் படிவங்களோ இரண்டு பெயர்களையும் கேட்கும். வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, வங்கிப் படிவம் மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட மாறாமல், பெயர் இருக்கட்டும். அஞ்சல் பெட்டியிலும் அதே பெயரை ஒட்ட வேண்டும். அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் கதவு எண்ணைவிடப் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே கடிதம் போடுகிறார்கள். வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் தனித்தனிக் கடிதங்களாக வருவதால், பெயர் இல்லையென்றால் இரண்டும் திரும்பிப் போய்விடும்.

எந்த வங்கியும் இசையாவிட்டால் மனம் தளர வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவரும் 'பாசிஸ்கோன்டோ' என்ற அடிப்படைக் கணக்கைக் கோரும் உரிமை 2016 ஜூன் முதல் ஜெர்மனியில் உண்டு. கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதால் அதை இரண்டாவது வழியாகவே கொள்வது நல்லது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கு ஒப்பந்தத்தை முன்வைக்க வேண்டும். மறுத்தால், அம்மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் உங்கள் மகள் முறையிடலாம்.