பேச்சு தெளிவாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது: இணையத் தொலைபேசியில் என்ன செய்யலாம்?

ஜோர்ஜ்டவுன் அலுவலகத்தில் பழைய செம்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு இணையத் தொலைபேசிக்கு மாறியிருக்கிறீர்கள். பேச்சு முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, ஃபேக்ஸ் மட்டும் ஒரு நாள் போகிறது, மறுநாள் பாதியில் நின்றுவிடுகிறது, புதிய இயந்திரம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த், பிறை பக்கத்திலும் சிறு அலுவலகங்களுக்குத் தொலைபேசி வேலை பார்க்கிறவன் நான். இதே குறையைச் சொல்லி என்னை அழைத்த இடங்களில் இயந்திரம் பழுதாக இருந்தது மிக அரிது. கோளாறு பெரும்பாலும் வழியில்தான் இருக்கும்.

பேச்சு நன்றாக இருக்கிறதே என்பதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இணையத்தில் ஒலி பெரும்பாலும் 20 மில்லி நொடித் துண்டுகளாக, நொடிக்கு 50 பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுமுனைக் கருவி முந்தைய ஒலியைச் சற்று நீட்டி இடைவெளியை மூடிவிடும். காதுக்கு எதுவும் தெரியாது. ஃபேக்ஸ் அனுப்புவது ஒலி வடிவில் இருக்கும் எண்கள். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பொட்டலம் தொலைந்தால் 192 பிட்டுகள் போய்விடும். அதைவிட மோசம், மறுமுனை ஃபேக்ஸில் ஒலியைக் கேட்டு எண்களாக மாற்றும் மோடத்துக்குத் தாளம் தவறிவிடும். தாமதத்தை ஃபேக்ஸ் தாங்கும். செயற்கைக்கோள் வழியாக அரை நொடி தாமதித்தே எத்தனையோ பக்கங்கள் போயிருக்கின்றன. தாமதம் கூடிக் குறைந்து ஆடுவதைத்தான் அது தாங்காது.

முதலில் சுவரோரம் இருக்கும் ஏடிஏ பெட்டியின், அதாவது ஃபேக்ஸை இணையத் தொலைபேசியோடு இணைக்கும் பெட்டியின், அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒலிக் குறியீடு ஜி.729 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அது 64 கிலோபிட் ஒலியை 8 கிலோபிட்டாகச் சுருக்குகிறது, மனிதக் குரலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. மோடத்தின் ஒலி அதில் நுழைந்தால் சிதைந்துதான் வெளியே வரும். ஃபேக்ஸ் எண்ணுக்கு அந்த 64 கிலோபிட் ஒலியை அப்படியே அனுப்பும் ஜி.711 மட்டும், அதிலும் மலேசியத் தொலைபேசி வலையமைப்பு பயன்படுத்தும் ஏ-லா வகை மட்டும் இருக்கட்டும். மௌனத்தை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பேச்சின் நடுவே வேறு அழைப்பு வந்தால் 'பீப்' கொடுக்கும் வசதியையும் மறக்காமல் அணையுங்கள். அந்த ஒரு பீப் போதும், பக்கம் பாழாகிவிடும். வந்த பொட்டலங்களைச் சற்று நிறுத்தி வைத்து வரிசைப்படுத்தும் தாங்கல் நினைவகம் தானாகக் கூடிக் குறையும்படி இருந்தால், அதை ஒரே அளவில் நிறுத்துங்கள். 100 மில்லி நொடியில் தொடங்கிப் பார்க்கலாம்.

அடுத்து ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு வாருங்கள். வேகத்தைக் குறையுங்கள். நொடிக்கு 33,600 பிட் வரை போகும் 'சூப்பர் ஜி3' முறையை நிறுத்திவிட்டு 9600-இல் வையுங்கள். ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் கூடும், பரவாயில்லை. 'ஃபைன்' தரத்தையும் தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு 3.85 கோடுகள், ஃபைனில் 7.7 கோடுகள். பக்கம் போக ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வழியில் இடறும் வாய்ப்பும் அதே அளவு கூடும்.

பிழைதிருத்த முறையை, அதாவது இசிஎம்மை, அணைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அணைத்தால் அழைப்பு அறுவது குறையும் என்பது உண்மை. ஆனால் தொலைந்த வரிகள் திரும்பக் கேட்டு வாங்கப்படுவதில்லை, வெள்ளைக் கோடாகவோ சிதைந்த கோடாகவோ அப்படியே அச்சாகும். அந்தக் கோடு ஒரு தொகையின் நடுவிலோ மருந்தின் அளவிலோ விழுந்தால் என்ன ஆகும்? மருந்தகத்துக்கும் கணக்கு அலுவலகத்துக்கும் நான் இசிஎம்மை அணைத்துக் கொடுப்பதில்லை. வேகத்தை இன்னும் குறைப்பேன், அதை மட்டும் விடமாட்டேன்.

இவ்வளவும் செய்து ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்து, 'சரியாகிவிட்டது' என்று முடிவு செய்துவிடாதீர்கள். பிறையில் கப்பல் சரக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். மூன்று முறை ஒரு பக்கம் அனுப்பினேன், மூன்றும் போயின, கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை அங்கே ஆவணங்களைப் பார்க்கும் அக்கா அழைத்தார். "தம்பி, ஒரு பக்கம் போகிறது. எங்களுக்குப் பன்னிரண்டு பக்கம் போக வேண்டும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. கப்பல் காத்திருக்கும் நாளில் அந்தத் தாள்களோடு இயந்திரத்தின் முன்னால் நின்றவர் அவர்தானே.

திரும்பப் போனேன். தோல்வியான மூன்று அனுப்புதல்களின் அறிக்கைத் தாள்களை அவர் கிளிப் போட்டு வைத்திருந்தார். மேசையில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டு ஏழாவது பக்கத்தில் நின்றிருந்தன, ஒன்று எட்டாவதில். ஆனால் அழைப்பு நீடித்த நேரம் மூன்றிலும் ஏழு நிமிடத்தை ஒட்டியே இருந்தது. பொட்டலம் தொலைவதுதான் காரணம் என்றால் இரண்டாம் நிமிடத்திலும் அறும், பத்தாம் நிமிடத்திலும் அறும். ஏறத்தாழ ஒரே நேரத்தில் அறுகிறது என்றால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏடிஏ பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, இணைய அழைப்பைச் சாதாரணத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும், தொலைபேசி நிறுவனத்தின் நுழைவாயில் கருவியில் வேறொன்று ஓடுகிறது. பழைய வலையமைப்பில் எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. இங்கே அவரவர் கடிகாரம் அவரவருக்கு. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே 400 நொடியில் 20 மில்லி நொடி பிசகிவிடும். அது சரியாக ஒரு பொட்டலத்தின் அளவு. தாங்கல் நினைவகத்தில் இருப்பு குறைவாக இருந்தால் அந்த நொடியில் ஒரு துண்டு காலியாகும், மோடம் தடுமாறும். 400 நொடி என்றால் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்து முடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கே தீர்வாக அமைந்தது டி.38. உங்களுக்கும் அதையே முதலில் முயலச் சொல்வேன். 1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ வெளியிட்ட தர விதி அது. இந்த முறையில் ஏடிஏ பெட்டியே மோடம்போல ஃபேக்ஸின் ஒலியைக் கேட்டு, அதிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்து, எண்களாகவே இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள நுழைவாயில் மீண்டும் ஒலியாக்கிக் கொடுக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தைய பொட்டலங்களின் நகலையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் சேதமில்லை. ஒலி வழியில் போகாததால் கடிகாரப் பிசகும் பாதிப்பதில்லை. அந்த அலுவலகத்துப் பெட்டியில் இந்த வசதி இருந்தும் அணைக்கப்பட்டிருந்தது. இயக்கினேன், வேகத்தை 9600-இல் வைத்தேன். அக்கா பன்னிரண்டு பக்கத்தையும் வைத்தார். கடைசித் தாள் உள்ளே போய், அறிக்கையில் 'ஓகே' என்று அச்சாகும் வரை இருவரும் பேசவே இல்லை.

ஆனால் உங்கள் பெட்டியில் மட்டும் டி.38 இருந்தால் போதாது. உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் நுழைவாயிலும் அதை ஏற்க வேண்டும். அழைப்பு வேறொரு நிறுவனத்தின் வழியாக இணையத்திலேயே கடந்து போனால் அங்கேயும் ஏற்க வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்தாலும் அழைப்பு ஜி.711-க்கே திரும்பிவிடும். ஆகவே நிறுவனத்தை அழைக்கும்போது "ஃபேக்ஸ் போகுமா?" என்று கேட்காதீர்கள், போகும் என்றுதான் பதில் வரும். "டி.38 மாற்றுக் கோரிக்கையை உங்கள் நுழைவாயில் ஏற்கிறதா, வெளிநாட்டு எண்களுக்கும் ஏற்கிறதா?" என்று கேளுங்கள். பாயான் லெப்பாஸிலிருந்து ஜப்பானுக்கு ஃபேக்ஸ் அனுப்பும் அலுவலகங்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியம்.

அலுவலகத்துக்குள் இருக்கும் வலையமைப்பையும் ஒரு பார்வை பாருங்கள். ஜி.711 அழைப்புக்குத் திசைக்கு ஏறக்குறைய 80 கிலோபிட் போதும், அது பெரிதல்ல. மற்ற வேலைகள் அதே இணைப்பை நெருக்கும்போதுதான் சிக்கல். லெபோ பாசாரில் ஒரு துணிக்கடையில் கேமராப் பதிவுகள் இணையத்துக்கு ஏறத் தொடங்கும் மாலை நேரத்தில் மட்டும் ஃபேக்ஸ் அறுந்தது. ரூட்டரில் தொலைபேசிப் பொட்டலங்களுக்கு 46 என்ற முன்னுரிமைக் குறி கொடுத்ததும் அறுவது நின்றுவிட்டது. ஏடிஏ பெட்டியை வைஃபையில் இணைத்திருந்தால் இன்றே கம்பிக்கு மாற்றுங்கள்.

ஆவணத்தைப் பதிவேற்றினால் தாங்களே ஃபேக்ஸாக அனுப்பித் தரும் இணையச் சேவைகளும் உண்டு. மாதத்துக்கு நான்கைந்து பக்கம் அனுப்புகிறவர்களுக்கு அது போதும். ஆனால் உங்கள் தாள் அவர்களுடைய கணினியில் தங்கும். நோயாளி விவரமோ அடையாள அட்டை நகலோ இருந்தால், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து முடிவெடுங்கள். அந்தச் சேவைகள் 'பெற்றுக்கொண்டோம்' என்று சொல்வது அவர்கள் பெற்றதைத்தான். மறுமுனையில் அச்சானதா என்பதை அவர்கள் தனியாக அனுப்பும் அறிக்கையில் பாருங்கள்.

இந்த மாற்றங்களைச் செய்துவிட்டு, நீங்கள் வழக்கமாக அனுப்பும் எண்ணுக்கே, வழக்கமான பக்க எண்ணிக்கையில், மூன்று நாள் காலையும் மாலையும் அனுப்பிப் பாருங்கள். அறுந்தால், அறிக்கையில் உள்ள நேரத்தையும் பக்கத்தையும் பிழை எண்ணையும், ஏடிஏ பெட்டியின் பெயரையும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொலைபேசி எண்களை மட்டும் மறைத்துவிடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.